தூய்மை நூறு சதவீதம்

காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பேன். ஒரு பக்கம் பால், மறுபக்கம் ஒரு சட்டித் தண்ணீர். பால் பொங்கினால் ஒரு தம்ளர் காப்பி. தண்ணீர் கொதித்தால் அதில் வெல்லத்தைத் தட்டிப் போடுவேன். கரைந்ததும் வடிகட்டி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். திரும்பி வந்து வெல்லத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்ப்பேன். சூடு தெரியாவிட்டால், ஜாடியின் வாயில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்து ஊற்றுவேன். மரக்கரண்டியால் கலக்குவேன். துணியைக் கட்டுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

அது பெரிய ஊறுகாய் ஜாடி. என் மாமியார் சீராகக் கொடுத்தது. அதில் ஒருநாளும் ஊறுகாய் இருந்ததில்லை. புளித்த தோசை மாவுக்கும் கள்ளுக்கும் இடைப்பட்ட ஒரு வாசனை அதிலிருந்து வரும். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை படியில் நிறுத்தி, “சார், வீட்லயே காய்ச்சுறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லைங்க. வளக்கிறேன்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

என் மனைவி ஐரின் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தினாள். நான் மிஷன் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். குடியிருப்பது பசுமலை. கீழக்குயில்குடியில் தங்கப்பொண்ணு அக்காவுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சவுடு மண் அள்ளுகிறவர்கள் குத்தகை என்று வந்து, மேல்மண் முழுவதையும் சுரண்டி லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியது பாத்திரத்தின் அடி போன்ற தரை. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ஐரின் அங்கே மாணவிகளோடு போனவள், சமணர் மலையடியில் யாரும் கைவைக்காத ஒரு புதரின் வேரடி மண்ணை டப்பாவில் எடுத்துவந்தாள். அதிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தாள். அது கல்லில் பூட்டிக் கிடக்கும் சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கும், தூசியாய்க் கிடக்கும் மண்ணைப் பிடித்துக் கட்டும், கட்டிய மண்ணில் தண்ணீர் நிற்கும் என்றாள். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதை ஜாடியில் பெருக்கி, அக்காவின் நிலத்தில் ஒரு மூலையில் ஊற்றி, தட்டாம்பயறு போட்டாள். அந்த மூலை பச்சையானது.

மற்ற மூலைகளுக்குப் போவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனார்கள். ஜாடி மட்டும் தினமும் பசித்துக் கிடந்தது. வெல்லம் போடாவிட்டால் அது செத்துவிடும். அது செத்தால் அக்காவின் மிச்ச நிலம் அப்படியே கிடக்கும். எனக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் போன் வந்தது. “வணக்கம் சார், மண்ணுயிர் மீட்புக் கழகத்துல இருந்து பேசுறோம்.”

“எங்களுக்குச் சபை இருக்குங்க” என்று வைத்துவிட்டேன். மனைவி இறந்தவன் வீட்டுக்கு மீட்பு விற்க வருகிறவர்கள் அதிகம்.

மறுபடியும் அடித்தது. “சார், இது ஜெபக்கூட்டம் இல்ல. அரசு உதவியோட நடக்குற கழகம். உங்க மிஸஸ் கண்டுபிடிச்ச நுண்ணுயிர நாங்க ஏத்துக்கிடப் போறோம். அவங்க பேரையே வைக்கப் போறோம். ஐரின்-1.”

ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனேன். மொத்த வெல்லக் கடையின் மாடியில் இருந்தது கழகம். பலகையில் ‘மன்னுயிர் மீட்புக் கழகம்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் இரண்டு சுழி ன போட்டுவிட்டார். மாற்றுவதற்குக் கோப்பு போயிருப்பதாக வாசல் காவலாளி சொன்னார். அதுவரை வயதானவர்களும், கடத்தப்பட்ட மாப்பிள்ளையைத் தேடுகிறவர்களும் வருவது உண்டாம்.

காவலாளி என் கைகளில் கிருமிநாசினி அடித்தார். பாட்டிலைச் சுற்றி அடித்தார். “மூடியைத் தொறங்க, உள்ளயும் ஒரு அடி அடிச்சு விட்ருறேன்” என்றார். நான் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரே பினாயில் வாசனை. சுவரில் ‘நுண்ணுயிரே மண்ணின் இன்னுயிர்’ என்று ஒரு பலகை. அதன் கீழே கதவில் ஒரு காகிதம்: ‘கிருமிகள் உள்ளே வராதவாறு கதவைச் சாத்தவும்.’

கண்காணிப்பாளர் சிவனாண்டி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். பாட்டிலை மேசையில் வைத்தேன்.

“என்ன சார் இது?”

“நுண்ணுயிர்.”

“உசுரோடவா?”

“ஆமா.”

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். “உசுரோட உள்ளத வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லையே சார். தபால் பிரிவு பொருளத்தான் வாங்கும். உசுருன்னா கால்நடைக்குப் போயிரும்.”

“இது கால்நடை இல்லையே.”

“காலு இருக்கா?”

“இல்ல.”

“நடக்குமா?”

“நீந்தும்னு என் மனைவி சொல்லுவா.”

“அப்ப மீன்வளம்” என்றார். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

மீன்வளத்துக்குப் போகாமலே ஒரு வழி இருந்தது. அது உயிரோடுதான் இருக்கிறது என்று சான்று வாங்கிவிட்டால், ‘சான்றுடன் கூடிய பொருள்’ என்ற தலைப்பில் தபால் பிரிவே வாங்கிக்கொள்ளும். நுண்ணுயிருக்கென்று படிவம் கழகத்தில் இல்லை. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றுப் படிவத்தைக் கொடுத்தார் சிவனாண்டி. பெயர், ஐரின்-1. கடைசியாகப் பார்த்த பதவி, இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை.

“அதுக்கு விரல் இல்லைங்க.”

“காப்பாளர் ரேகை போதும் சார்.”

வைத்தேன். அடுத்த பக்கத்தில், ‘துணை இறந்த பின் நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என உறுதி கூறுகிறேன்’ என்று இருந்தது. அந்த இடத்தில் மட்டும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மேல் அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும். ‘மேற்படி நபர் இன்று என் முன் நேரில் தோன்றினார்’ என்பது வாசகம். அவர் பாட்டிலைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “தோணுது” என்றார். முத்திரை விழுந்தது.

போகும்போது கீழ்க்கடையில் வெல்லம் வாங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. ‘மாதிரியில் தீங்கு விளைவிக்கும் கிருமிகள் எவையும் இல்லை. தீங்கு விளைவிக்காத கிருமிகளும் இல்லை. தூய்மை நூறு சதவீதம். பாராட்டுகள்.’

நான் இயக்குநர் பீமாராவைப் பார்க்கப் போனேன். டாக்டர் பீமாராவ். அறையில் குளிர்சாதனமும், மேசையில் மண் போட்ட கண்ணாடித் தொட்டியும் இருந்தன. தொட்டியில் பிளாஸ்டிக் செடி.

“கொதிக்க வச்சுட்டீங்களா சார்?”

“கொதிக்க வைக்காம எப்படி தம்பி சோதிக்கிறது? சோதிக்கிறவங்களுக்கு ஏதாவது ஒட்டிக்கிட்டா, அதுக்கு யார் பதில் சொல்றது?”

“கொதிச்சா உள்ள ஒண்ணும் மிஞ்சாதே சார். வெறும் வெல்லத் தண்ணிதான்.”

“உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். “நீங்க வணிகவியல். உங்களுக்குப் புரியும். உயிரோட இருக்கிறது சும்மா இருக்காது. ஏதாவது செய்யும். நல்லது செஞ்சா, ஏன் எல்லா மாவட்டத்துலயும் செய்யலைன்னு கேள்வி வரும். கெட்டது செஞ்சா, யார் அனுமதிச்சதுன்னு கேள்வி வரும். செத்தது எதுவும் செய்யாது. செய்யாத பொருளுக்குத்தான் தம்பி ஒரு நிறுவனம் முழுப் பொறுப்பு ஏத்துக்க முடியும். நான் வந்த நாள்ல இருந்து எங்க தயாரிப்பு மேல ஒரு புகார் கிடையாது. எங்க பாட்டிலால ஒரு செடிகூட வாடினதில்ல.”

“வளந்திருக்கா சார்?”

“அது எங்க வரம்புல வராது.”

ஐரின்-1 பாட்டில்கள் கூட்டுறவுக் கடைகளுக்குப் போயின. பாட்டிலில் அவள் படம் போட்டிருந்தார்கள். எங்கள் கல்யாணப் படம். என்னை வெட்டிவிட்டார்கள். தோள் மட்டும் பாதி மிஞ்சியிருந்தது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருந்தது. அவள் ஆராய்ச்சியை முடிக்கவில்லை. கழகம் முடித்து வைத்துவிட்டது.

அடுத்த வாரமே சிவனாண்டி போன் செய்தார். குரலில் வருத்தம் இருந்தது.

“சார், உங்க வீட்ல ஒரு ஜாடி இருக்காம்ல?”

“ஆமா.”

“அது இப்ப போலி சார்.”

“அதுதான் அசல்.”

“பதிவு எண் எதுக்கு இருக்கோ அதுதான் சார் அசல். எண் இல்லாம அதே பேர்ல வீட்ல வச்சிருந்தா அனுமதி இல்லாத உற்பத்தின்னு வந்துரும். என்னையவே வந்து சீல் வைக்கச் சொல்லுவாங்க. எனக்கு அதுல விருப்பமில்ல. டைரக்டர் ஒரு வழி சொல்றார். விழா ஒண்ணு வருது. ஜாடியோட மேடைக்கு வாங்க. தாய்க் கலவைன்னு பேர் குடுத்து ஏத்துக்கிடுவாரு. அப்புறம் அந்தம்மா நிலம் முழுக்க ஊத்த அனுமதி. சுத்தி உள்ள சுரண்டுன நிலத்துக்கும் சேத்து.”

“வீட்ல கொஞ்சம் வச்சுக்கிடவா?”

“ரெண்டு தாய் இருந்தா கேஸ் ஆயிரும் சார்.”

தங்கப்பொண்ணு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா பச்சை மூலையில் பயறு பறித்துக்கொண்டிருந்தார். மிச்ச நிலம் வெயிலில் ஓடு மாதிரி மின்னியது.

“நிலம் முழுக்க ஊத்துறேன்னாய்ங்களா?”

“ஆமாக்கா.”

“அப்ப குடு வாத்தியாரே. எதுக்கு யோசிக்கிற? இம்புட்டு மூலைய வச்சுக்கிட்டு நான் கொத்துக் கொத்தாப் பறிச்சு என்னா செய்ய? என் மருமக இதைப் பாத்து, பூந்தொட்டியா அத்தைன்னு கேக்குறா.”

“ஜாடியே போயிரும்க்கா.”

“ஜாடிய வச்சுக் கும்பிடவா டீச்சரம்மா வளத்துச்சு? நிலத்துக்குத்தான வளத்துச்சு?”

அது சரிதான். ஒத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முன்னால் ஒரு கூட்டம் நடந்தது. நிலத்தின் தலைமாட்டில் ஐரின் பெயரில் ஒரு கருங்கல் வைக்கப் போகிறார்கள். அதில் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தையைப் பொறிக்க வேண்டும். பீமாராவ், சிவனாண்டி, விழாவுக்கென்று அமர்த்திய ஆலோசகர் அஸ்வினி, நான். அஸ்வினி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, “சொல்லுங்க சார், மேடம் கடைசியா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

சொன்னேன்.

அஸ்வினி தட்டச்சு செய்தார். “வேற ஏதாவது?”

“இல்லைங்க. அதுதான் கடைசி.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி தண்ணி கேட்டா.”

“இது ரொம்ப வீட்டு விஷயமா இருக்கு சார். கல்லுல படிக்கிறவங்களுக்கு ஒரு மெசேஜ் வேணும்ல.”

சிவனாண்டி எட்டிப் பார்த்தார். “இதுல மண்ணே வரலையே.”

பீமாராவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். “கட்டளையா இருக்கு. கல்ல திறக்கப்போறது யாரு? சிறப்பு விருந்தினர். அவர் திறக்கிற கல்லு அவருக்கே கட்டளை போடலாமா? பின்னாடி ஒரு அபசகுனமான சொல்லும் வருது. அதை எடுத்துருங்க.”

அபசகுனமான சொல்லை எடுத்தார்கள். கட்டளையை எடுத்தார்கள். மண்ணைச் சேர்த்தார்கள். பிற்பகல் தேநீருக்குள் இப்படி ஆகியிருந்தது: ‘மண்ணுக்கு உயிர் கொடுங்கள். அதில் நான் வாழ்வேன்.’

“இதுவும் கட்டளைதானே?” என்றேன்.

“இது பொதுவான கட்டளை. யாரும் செய்ய வேண்டியதில்லை” என்றார் பீமாராவ்.

“அவ இப்படிச் சொல்லலை.”

“சொல்லியிருப்பாங்க தம்பி. நேரம் இருந்திருந்தா.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று சிவனாண்டி எழுதினார். என் பெயரையும் சேர்த்திருந்தார்.

விழா நாளன்று ஜாடியைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, சுற்றிலும் துண்டைச் செருகி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனேன். கடைசிச் சொட்டு வரை அதில்தான் இருந்தது. காலையில் வெல்லத் தண்ணீர் ஊற்றவில்லை. மேடையில் சிறப்பு விருந்தினரே முதல் வெல்லத் தண்ணீரை ஊற்றப்போவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

மலையடியில் ஐரின் மண் எடுத்த புதர் இல்லை. பொக்லைன் வைத்து வழித்துவிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, ‘வாகனம் நிறுத்துமிடம்’ என்று எழுதியிருந்தார்கள். அங்கேதான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வேறு இடம் இல்லை.

நிலம் வெள்ளையாக இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. ஊராட்சித் துப்புரவு மேஸ்திரி பேயாண்டி தோளில் மூட்டையோடு நடந்து, முறத்தால் அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார். பிளீச்சிங் பவுடர். வரப்பு முடிந்து, பச்சை மூலைக்குள் இறங்கியிருந்தார்.

“அண்ணே, நிலத்துல போடாதீங்கண்ணே.”

“ஏன் சார்?”

“கிருமியெல்லாம் போயிரும்ணே.”

“அதுக்குத்தான சார் போடுறது” என்றார். அவருக்கு என்மேல் பரிதாபமாக இருந்தது.

தங்கப்பொண்ணு அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். “ஏப்பா பேயாண்டி, என் வயக்காடு என்னா உனக்கு வாசலா? கோலமாப் போடுற?”

“மதினி, நான் என்னா செய்ய? பெரியவுக வாராகன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பவுடர் போடணும்னு உத்தரவு. இங்க ரோடு எங்க இருக்கு? காருல இருந்து மேடைக்கு நிலத்துலதான நடக்கப் போறாரு? அப்ப நிலந்தான் ரோடு.”

“பயறு நிக்கிற மூலையிலயுமா நடக்கப் போறாரு?”

“அங்கதான் போட்டோ.”

“மேல இருந்து மழை வரும்னு பாத்தா இந்த எழவு வருது. மூட்டையக் கீழ வையி.”

“மூட்டை காலி மதினி” என்று உதறிக் காட்டினார். மிச்சமும் விழுந்தது.

நான் சிவனாண்டியைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “பளிச்சுனு இருக்கே சார்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஜாடி இருக்குல்ல? அது போதும். தாய் இருந்தா எல்லாம் திரும்ப வந்துரும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார். உண்மைதான். நான்தான் சொன்னேன். ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன்.

மேடையில் பட்டுத் துணி விரித்த மேசை. ஜாடிக்கு மாலை போட்டார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளிக் குடம். அதன் வாயிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

“இது என்னது?” என்று அஸ்வினியிடம் கேட்டேன்.

“வெல்லத் தண்ணி சார். விருந்தினர் கைபடுற எதுவா இருந்தாலும் கொதிக்க வச்சுத்தான் மேடைக்கு வரணும்னு சுகாதாரத்துல சொல்லிட்டாங்க. இப்பதான் இறக்குனது. ஆவி வர்றது ஒருவகைல நல்லது. படத்துல அழகா விழும்.”

“விரல் விட்டுப் பாக்கணும்ங்க.”

“குடத்துக்குள்ளயா?” அவர் உண்மையிலேயே திடுக்கிட்டார். “அது சார் தொடுற குடம், சார்.”

அதற்குள் வண்டிகள் வந்துவிட்டன. எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். நான் எழுந்தேன். மறுபடியும் உட்கார வைத்தார். அவர் பாதுகாப்புப் பிரிவு. கடுமையாக எதுவும் பேசவில்லை.

பீமாராவ் வரவேற்புரை ஆற்றினார்.

“பேரன்புடையீர், இன்று இந்த மண்ணைப் பாருங்கள். எவ்வளவு வெண்மை. எவ்வளவு தூய்மை. இங்கே ஒரு புழு உண்டா? ஒரு பூச்சி உண்டா? கழகத்தின் கைபட்ட மண் இது. ஒரு காலத்தில் நுண்ணுயிர் என்றால் மக்கள் அஞ்சினார்கள். இன்று எங்கள் தயாரிப்பைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. அஞ்சுவதற்கு அதில் எதுவுமே இல்லை என்பதை உறுதிசெய்திருக்கிறோம். முனைவர் ஐரின் அம்மையாரை இந்த நேரத்தில் நினைக்கிறேன். கிருமியோடு வாழ்ந்தார். கிருமியாலேயே மறைந்தார். இப்படிப்பட்ட பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

கைதட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பி, “சொந்தக்காரரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “குடுத்து வச்சவங்க” என்றார்.

சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். துணி விலகி, கருங்கல் தெரிந்தது. பிறகு மேசைக்கு வந்தார். மாலை போட்ட ஜாடியின் துணியைச் சிவனாண்டி அவிழ்த்தார். விருந்தினர் வெள்ளிக் குடத்தைக் கைக்குட்டை சுற்றித் தூக்கினார். சுட்டிருக்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் மேல தூக்கி ஊத்துங்க சார்” என்றார் படமெடுப்பவர். தூக்கி ஊற்றினார். ஆவி அவர் கண்ணாடியை மூடியது. குடம் காலியாகும் வரை ஊற்றினார். ஜாடியின் மேலே நின்ற நுரை, குமிழி குமிழியாக அடங்கி, பால் போலக் கலங்கி, கீழே போய்விட்டது.

நாகஸ்வரம் வாசித்தார்கள்.

விருந்தினர் நீண்ட நேரம் இருக்கவில்லை. வெள்ளை நிலத்தில் நடந்து, பயறுச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலணியில் ஒட்டிய பவுடரை ஒருவர் துடைத்துவிட்டார். பந்தலைப் பிரித்தார்கள். சிவனாண்டி என்னிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். ‘தாய்க் கலவை நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ ஜாடியை அவர்களே வண்டியில் ஏற்றினார்கள். கழகத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம்.

“நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம் சார்” என்றார். அவர் அப்படித்தான். நல்ல மனிதர்.

தங்கப்பொண்ணு அக்கா பயறு மூலையில் குத்தவைத்து, களைக்கொத்தால் வெள்ளையை வழித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். செடிகளின் இலை ஓரம் அதற்குள் கருகியிருந்தது. நான் போய் நின்றேன்.

“நீதான வாத்தியாரே வரச் சொன்னே இவய்ங்கள” என்றார், நிமிராமல்.

“நீங்கதானக்கா குடுன்னீங்க.”

“நான் சொன்னா? நான் என்னா படிச்சவளா? நீ குடுத்துருவியா?”

அக்கா ஒரு செடியின் தூரில் ஓங்கிக் கொத்தினார். வெள்ளை இறங்காத ஆழத்தில் மண் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. வேரோடு ஒரு பிடியை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என் முன்னால் நீட்டினார்.

“இதுல ஏதாச்சும் மிஞ்சியிருக்குமா?”

“தெரியலைக்கா. எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.”

“தெரியாட்டி என்னா, கொண்டு போ. அவ செஞ்ச மாதிரி ஏதாச்சும் செய்யி. வரலைன்னா வந்து சொல்லு. நான் இங்க ஆட்டக் கட்டிப்புடுறேன்.”

கைக்குட்டையில் முடிந்து வாங்கிக்கொண்டேன். கல்லைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. கல்லடியிலும் பவுடர் போட்டிருந்தார்கள்.

வீட்டில் ஜாடி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருந்தது. ஒரு எவர்சில்வர் தூக்கைக் கழுவிக் கைக்குட்டையை அதில் அவிழ்த்தேன். ஒரு பிடி மண்ணும் அறுந்த வேர்களும். ஏதாவது இருந்தால் நுரை வரும். வர எத்தனை நாள் ஆகும் என்று அவள் சொன்னதில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் கொதித்தது. வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். வடிகட்டி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

கல்லில் இருப்பதை ஐரின் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. மருத்துவமனையில் அன்று காலை, நான் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தபோது, தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள். ஆக்சிஜன் முகமூடியைத் திரும்ப மாட்டப் போன நர்ஸின் கையை விலக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆறவிட்டு ஊத்துங்க. சூடா ஊத்துனா செத்துரும்.”